தேவலை என்று சொல்லாதவர்

ராயபுரத்தில் நான் கம்பவுண்டராக இருந்த டிஸ்பென்சரியில், டாக்டர் எல்லாரிடமும் கேட்கிற முதல் கேள்வி, "எப்படி இருக்கு, தேவலையா?" என்பதுதான். பதிலையும் அவரே எடுத்துக் கொடுத்துவிடுவதால் யாருக்கும் சிரமமில்லை. குளிர்காய்ச்சலில் பல் தந்தியடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்கூட "தேவலைங்க" என்பான். டாக்டர் மனம் கோணினால் மருந்து பலிக்காது என்று எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஓர் எண்ணம். நான் அங்கே இருந்த எட்டு வருஷத்தில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் சொன்னவர் ஒரே ஒருவர்தான்.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு கொடோனில் கிழிந்த கோணி தைக்கிற அம்மா அவர். முதன்முதல் வந்தபோது வயது முப்பத்தைந்து இருக்கும். ஒடிசலான உடம்பு, சணல் தூசி படிந்து பழுப்பேறிய தலைமுடி. வலது கை ஆள்காட்டி விரலில் கோணி ஊசி குத்திக் குத்தி ஒரு காய்ப்பு. புருஷன் நிலக்கரிக் கப்பலில் கூடை தூக்குகிறவர். குழந்தைகள் இல்லை.

"எப்படி இருக்கு, தேவலையா?" என்பார் டாக்டர்.

"அப்பிடியேதான் கீது" என்பார் அந்த அம்மா.

குரலில் குறையோ கோபமோ இருக்காது. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொல்வார். அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரமும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

நோவு என்னவென்று கேட்டால் அவரைப்போலத் தெளிவாகச் சொன்னவர்களையும் நான் பார்த்ததில்லை. "காத்தால தோளு. பகலுக்கு இடுப்பு. சாய்ந்தரம் மொழங்காலு. ஒரு எடத்துல நிக்காது. அசதி மட்டும் போவாது. தூங்கி எழுந்தா, தூங்காத எழுந்த மாதிரி கீது. ஈரக் கோணிய முதுவுல போட்டுகினு நடக்கறேனே, அந்த மாதிரி." டாக்டர் நாக்கைப் பார்த்தார், நாடி பார்த்தார், மார்பில் குழாய் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. கண் இமையைக் கீழே இழுத்தபோது வெளுத்திருந்தது. இரும்பு மருந்து எழுதினார்.

அந்தக் காலத்தில் பாட்டிலை நோயாளிகளே கொண்டுவர வேண்டும். நான் மருந்தைக் கலந்து ஊற்றி, எத்தனை வேளையோ அத்தனை பல் வெட்டிய காகிதத்தைப் பாட்டிலில் ஒட்டிக் கொடுப்பேன். அந்த அம்மா கொண்டுவந்த பாட்டில்போல் சுத்தமான பாட்டில் வேறொன்று வராது. சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, வாய்க்கு ஒரு வெள்ளைத் துணி கட்டிக் கொண்டுவருவார். இரும்பு மருந்து பல்லைக் கறுப்பாக்கியது. முகம் சுளிக்காமல் நாற்பது நாள் குடித்தார். ஒரு நாள் டாக்டர் இமையை இழுத்துப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். இமைக்குள் நல்ல சிவப்பு.

"ரத்தம் ஊறிப்போச்சு பாத்தியா? இப்ப எப்படிம்மா இருக்கு?"

"மூச்சு வாங்கறது கொறஞ்சுகீதுங்க. நோவும் அசதியும் அப்பிடியேதான் கீது."

டாக்டர் இமையை விட்டுவிட்டார். நல்லவர்தான் அவர். ஏழைகளை விரட்டமாட்டார். ஆனால் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்திருந்தார், அந்தப் பெயரின்மேல் அவருக்கு ஆசை இருந்தது.

எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு நாள் மருந்து ஊற்றிக்கொண்டே தணிந்த குரலில் கேட்டேன். "யம்மா, ஒரு வாட்டி தேவலைன்னு சொல்லிட்டா உனக்கு இன்னா கொறஞ்சு பூடும்? டாக்டரு சந்தோசப்படுவாரில்லே?"

"சொல்லிட்டா அதே மருந்தைத்தானே திரும்பவும் குடுப்பாரு? ஒதவாத மருந்தை நான் எம்மா நாளு குடிக்கறது?"

நான் பாட்டிலில் காகிதத்தை ஒட்டிக் கொடுத்தேன்.

இரண்டு மருந்தைச் சேர்த்துச் சாப்பிடமாட்டார். கல்மண்டபம் பக்கம் ஒரு நாட்டு வைத்தியர் லேகியம் கொடுத்தாராம். இங்கே வாங்கின பாட்டில் தீரும்வரை அதைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். "ரெண்டையும் சேத்துத் துன்னா எது வேலை செஞ்சுதுன்னு எப்பிடித் தெரியும்?" என்றார். ஒவ்வொன்றுக்கும் நாற்பது நாள். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு சணல் கயிற்றில் நாளுக்கு ஒரு முடிச்சு; வலி குறைந்த நாளுக்கு இரட்டை முடிச்சு. மருந்து மாறினால் புதுக் கயிறு. ஒரு தடவை இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு கயிற்றை எடுத்துக் காட்டினார். அது லேகியத்தின் கயிறு. இரட்டை முடிச்சு ரெண்டே ரெண்டு இருந்தது. "இது பண்டிகைக்கு மொத நாளு, இது பண்டிகை" என்றார்.

அப்புறம் மீன் எண்ணெய் வந்தது. சீமையிலிருந்து பீப்பாயில் வரும் எண்ணெய், நாற்றம் குடலைப் புரட்டும். "கடலோரத்துல குந்திகினு கீறோம், மீன் எண்ணெ சீமைலேருந்து வருதா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அதையும் நாற்பது நாள் குடித்தார். அதிலும் ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் அவர் புருஷன் தனியாக வந்தார். கரி படிந்த ஆள், கண் வெள்ளை மட்டும் பளிச்சென்று தெரியும். காலையில் குழாயடியில் தண்ணீர் பிடித்து, மூன்று குடம் அவரே சுமந்து வீட்டில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். அவர்கள் சந்தில் வேறு எந்த ஆம்பிளையும் குடம் தூக்கமாட்டான். கேலி பேசுவார்களாம். டாக்டர் உள்ளே இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"கம்பவுண்டரே, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். அவளுக்கு நெசமாவே நோவு கீதா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று தெரிகிறது. அன்று சொன்னது இது: "டாக்டரு பாத்தவரைக்கும் ஒண்ணும் தெர்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

உயிர்ச்சத்து எங்கள் டிஸ்பென்சரிக்கு வந்தது அதற்கடுத்த வருஷம். டாக்டர் பட்டணத்துக்குள் ஏதோ கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை. மில்லில் தீட்டின வெள்ளை அரிசியில் சத்து இல்லை, சத்தெல்லாம் தவிட்டோடு போய்விடுகிறது, அதற்கு வைட்டமின் என்று பெயர், கை கால் மரத்துப்போவது, அசதி, நோவு எல்லாவற்றுக்கும் மூலம் அதுதான் என்றார். எனக்கும் ஆச்சரியமாக இருந்தது. மாட்டுக்குப் போடுவதை மனுஷனுக்கு மருந்தாகச் சொல்கிறாரே என்று.

கோணியம்மாவை டாக்டரே ஆளனுப்பி வரவழைத்தார். பாதம் மரத்துப்போகிறதா என்று கேட்டார்.

"ஆமாங்க. மண்ணுல நடந்தா மெத்தைல நடக்கற மாதிரி கீது. அத்தெ நீங்க கேக்கலை, நான் சொல்லலை."

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. நைஸ் தவிடு, சலித்து வறுத்து, கஞ்சியில் ரெண்டு கரண்டி. அந்த அம்மா திருவொற்றியூர் ரோட்டு மில்லுக்கே போய், அன்றன்றைக்கு விழுகிற தவிடாகப் பார்த்து வாங்கினார். மில்காரன் எத்தனை மாடு என்று கேட்டானாம். "ஒரே மாடு, நான்தான்னேன்" என்றார்.

முப்பதாம் நாள் அவரே பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, கேட்பதற்கு முன்னால் சொன்னார். "மரப்பு போச்சுங்க. சிமிட்டித் தரை சில்லுனு கீறது காலுக்குத் தெரியுது." சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. நல்லதையும் உள்ளபடி சொல்லுகிறவர். டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். தோளில் தட்டியதும் அந்த அம்மா வலியில் உடம்பைச் சுருக்கினார். நான் பார்த்தேன். டாக்டர் பார்க்கவில்லை.

அந்த மாசக் கடைசியில் திருவொற்றியூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சுகாதார வாரம் நடத்தினார்கள். தட்டி கட்டிப் படங்கள் மாட்டியிருந்தார்கள். ஈயின் காலைப் பனைமர உயரத்துக்கு வரைந்திருந்தார்கள். சாயங்காலம் டாக்டர் பிரசங்கம். தலைமைக்கு ஒரு பெரிய மனிதர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் தவிட்டின் மகிமையை அரை மணி நேரம் பேசிவிட்டு, "நான் சொல்வதைவிட அனுபவப்பட்டவர் சொல்லட்டும்" என்று அந்த அம்மாவை மேடைக்கு அழைத்தார். வரச் சொல்லி முதல் நாளே நான்தான் போய்ச் சொன்னேன். என்ன பேச வேண்டும் என்று கேட்டதற்கு, "நடந்ததைச் சொல்லு, போதும்" என்று சொன்னவனும் நான்தான்.

தோய்த்த புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முன்னால எப்படி இருந்தே, இப்ப எப்படி இருக்கேன்னு நாலு பேர் கேக்கறமாதிரி சொல்லும்மா" என்றார் டாக்டர்.

"கால் மரத்துக் கெடந்தது. டாக்டரய்யா சொன்னாரு, தவுடு துன்னேன். மரப்பு போயே போச்சு. கால் மரத்துப் போறவங்க துன்னலாம்." நிறுத்தினார். டாக்டர் கை தட்டத் தொடங்கினார். கூட்டமும் தட்டியது. தட்டி முடியும்வரை காத்திருந்து, "ஆனா நோவு போவலை. அசதியும் போவலை. அதுக்குத் தவுடு ஆவாது" என்றார்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் மைதானம் முழுக்கச் சிரித்தது. கோட்டுப் போட்ட பெரிய மனிதரும் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "அவளுக்கு உடம்புல ஒண்ணும் இல்லை. மனசுலதான் இருக்கு. இனிமே வந்தா மருந்தை வீணாக்காதே. சர்க்கரைப் பாகுல தண்ணி கலந்து, செவப்புச் சாயம் ரெண்டு சொட்டு விட்டுக் குடு. சீமை வைட்டமின்னு சொல்லு."

"சரிங்க" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, வேலை வேண்டியிருந்தது. அதைவிட, உள்ளுக்குள் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த அம்மா வந்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "புதுசா கீதே. இதுல இன்னா கீது?"

"வைட்டமின். சீமைலேருந்து வந்தது."

"தவுட்டுல கீறதா?"

"இது வேற. இது நோவுக்குன்னே கண்டுபிடிச்சது." கேட்காத பொய்யையும் சேர்த்துச் சொன்னேன்.

நாற்பது நாள் வாராவாரம் வந்து வாங்கிக்கொண்டு போனார். ஐப்பசி மாசம். நடுவில் பெரிய மழை. நாற்பத்தோராம் நாள் டாக்டர் முன்னால் வந்து நின்று, அவர் கேட்காமலேயே, "இந்த மருந்துல கொஞ்சம் தேவலைங்க" என்றார். "நாப்பது நாள்ல ஏழு நாளு நல்லா இருந்தேன். சேந்தாப்பல ஏழு நாளு. மத்த நாளு எப்பவும்போலதான். ஏழு நாளு நல்லா இருந்ததுக்குக் கும்புடறேன்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த மைதானத்துச் சிரிப்பு அவருக்குள் இன்னும் ஆறவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பெஞ்சில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"அது வெறும் சாயத் தண்ணிம்மா. சர்க்கரையும் தண்ணியும். தண்ணி குடிச்சு ஏழு நாள் சரியாப்போகுதுன்னா, உன் நோவு எந்த மாதிரி நோவுன்னு நீயே தெரிஞ்சுக்கோ. இனிமே இங்க வர வேண்டாம்."

அந்த அம்மா காலிப் பாட்டிலை மேஜைமேல் வைத்தார்.

"தண்ணின்னா தண்ணி. ஏழு நாளு நல்லா இருந்தது பொய்யில்லே. முப்பத்திமூணு நாளு நொந்தது, அதுவும் பொய்யில்லே" என்றார். பிறகு நான் மருந்து கொடுக்கிற ஜன்னல் பக்கம் திரும்பினார். "நீ ஏன் பொய் சொன்னே?"

நான் மருந்து அளக்கிற கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டேயிருந்தேன். அவர் போய்விட்டார்.

ராயபுரத்தில் ஒரு செய்தி பரவுவதற்குச் சாயங்காலம் வரைகூடத் தேவையில்லை. தண்ணி குடித்து நோவு தீர்ந்த பொம்பளை என்று சந்தெல்லாம் பேச்சு. அவர் புருஷன் குடம் தூக்குவதை நிறுத்திவிட்டார் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். குழாயடியில் அந்த அம்மா குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போவதை நானே பார்த்தேன். பார்த்துவிட்டு வேறு தெரு வழியாகப் போனேன். அப்புறம் ஒரு மாசம் டிராம் ஏறக்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

தை மாசத்தில், அவரைக் கொடோனிலிருந்து நிறுத்திவிட்டார்கள், புருஷனும் பெண்ஜாதியுமாகத் திருவொற்றியூருக்குக் குடி போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என் வாயால் வந்த வினை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாரித்துக்கொண்டு போனேன்.

தென்னங்கீற்று வீடு. அந்த அம்மா பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பசைச் சட்டி. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. "குந்து" என்றார். வாசலில் நின்றிருந்த புருஷன் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். வீட்டுக்குள் மூன்று குடமும் நிறைந்திருந்தன.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதற்குள் அவரே பேசினார்.

"அந்த ஏழு நாளு இன்னான்னு கண்டுபிடிச்சாச்சு. நான் கண்டுபிடிக்கலை, அதோ அவருதான். சண்டை போட்டு, கவுத்தை அவரு மூஞ்சில விட்டெறிஞ்சேன். எடுத்து எண்ணிப் பாத்தாரு."

புருஷன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "புயல் கூண்டு ஏத்தி இருந்தாங்க. பத்து நாளு கப்பலு கெடையாது. எனக்கும் வேலை இல்லே, கொடோனும் மூடிக் கெடந்தது. நாலாம் நாள்லேருந்து இவளுக்கு நல்லா இருந்துகீது. கொடோன் தெறந்த அன்னிக்கே திரும்ப வந்துச்சு" என்றார்.

"உனக்கு அப்பவே தோணலையாம்மா?" என்று கேட்டேன்.

"வூட்டு வேலை செஞ்சுகினுதானே இருந்தேன். அத்தெ நான் சும்மா இருந்ததா நெனைக்கலை. நீ வேற, நோவுக்குன்னே கண்டுபிடிச்ச மருந்துன்னியா, மருந்துதான்னு இருந்துட்டேன். தண்ணின்னு சொல்லியிருந்தா அன்னிக்கே வேற இன்னான்னு தேடியிருப்பேன்." ஒரு கூட்டை மடித்து வெயிலில் வைத்தார். "மேஸ்திரியாண்ட போயி, ரெண்டு நாளு வரேன், ஒரு நாளு வரலைன்னு கேட்டேன். நோவுன்னா இன்னா நோவுன்னான். பேரு தெரியாதுன்னேன். ஆளை மாத்திட்டான். இப்ப இது. படுத்துகினு செய்யலாம். கூலி பாதிகூட வராது. நோவு கீது, ஆனா முன்ன மாதிரி இல்லே."

"என்மேல கோவமாத்தான் இருக்கும்" என்றேன்.

"தண்ணி குடுத்ததுக்குக் கோவம் இல்லே. எத்தினியோ கலீஜைக் குடிச்சுகீறேன். நீ என் நாப்பது நாளைக் கெடுத்துட்டே." முதல் தடவையாகக் குரல் நடுங்கியது. "ஒரு மருந்து ஆவாதுன்னு தெரிஞ்சுக்க நான் நாப்பது நாளு குடுக்கறேன். எனக்கு இன்னும் எத்தினி நாப்பது நாளு கீது? இப்ப எதையும் நம்ப முடியலை. இரும்புன்னு குடுத்தியே, அதுல இரும்பு இருந்துச்சா?"

"இருந்துச்சு. சத்தியமா."

"மீன் எண்ணெ?"

புருஷனைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதிதான் மீன் எண்ணெ" என்றேன். "பாதி வேர்க்கடலெண்ணெ. எல்லாருக்கும் அப்பிடித்தான் கலப்போம்."

அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கண்ணைத் திறந்து, "அப்ப அது கணக்குல இல்லே. மறுக்கா குடிக்கணும்" என்றார். "கலக்காத எண்ணெ கொண்டாந்து குடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யானைக்கவுனிப் பக்கம் ஒரு மொத்த வியாபாரியிடம் சீல் வைத்த பாட்டிலாக வாங்கிக்கொண்டு போனேன். முத்திரையை அவரே உடைக்கட்டும் என்று அப்படியே கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உடைத்தார். முகர்ந்து பார்த்து, "நாத்தம் ஜாஸ்தியா கீது. இது நெசம்தான்" என்றார். தீரத் தீர இன்னும் ரெண்டு பாட்டில் கொண்டுபோனேன்.

நாற்பது நாள் கழிந்ததும் பங்குனி வெயிலில் திருவொற்றியூர் வரைக்கும் நடந்தே போனேன். வழியெல்லாம், குறைந்திருக்கும், எப்படியும் கொஞ்சமாவது குறைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே போனேன். இந்த முறை சுத்தமான சரக்கு. என் கையால் வாங்கிக் கொடுத்தது. அவர் வாயிலிருந்து அந்த ஒரு சொல் வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும் என்று இருந்தது.

அந்த அம்மா வாசலில் உட்கார்ந்து கூடுகளை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார். கொஞ்ச நேரம் தயங்கினார். எனக்காக ஒரு பொய் சொல்லலாமா என்று அவர் யோசிப்பதுபோல் எனக்குத் தோன்றியது.

"இந்த எண்ணெலயும் ஒண்ணும் இல்லே, கம்பவுண்டரே" என்றார்.

"சரிம்மா" என்றேன்.